உதவி தேவை: லீவர் அசையாத மார்ட்டினி-ஹென்றி, மேலே நாகரி எழுத்து. இது அசலா, போலியா?

லெஸ்டர்வாசி:

வணக்கம். பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிப்பவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் ஒன்றை எடுத்தேன். "நேபாளத்திலிருந்து வந்தது, சுத்தம் செய்யப்படாதது" என்று மட்டும் பட்டியலில் போட்டிருந்தார்கள். என் முதல் துப்பாக்கி இது.

முழுவதும் தார் போல இறுகிய கருப்புக் கிரீஸ். கீழே உள்ள லீவர் ஒரு விரற்கடை இறங்கி அப்படியே நின்றுவிடுகிறது. வலப்பக்கத்தைத் துணியால் துடைத்ததில் கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., என்ஃபீல்ட், 1887, பிறகு ரோமன் எண்ணில் நான்கு, அதன் கீழ் 1 என்று தெரிகிறது. ஆனால் குழலின் பின்பகுதியில் நாகரி எழுத்துகளும் எண்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ் துப்பாக்கியில் நாகரி எழுத்து எப்படி வரும்? ஏமாந்துவிட்டேனா? லீவரை எப்படி விடுவிப்பது? இதற்கு உரிமம் வேண்டுமா?

கடைசல்பட்டறை:

லீவரைச் சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். பிறகு டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டி இரும்பைப் பளபளப்பாக்குங்கள். மரத்தை உப்புத்தாள் போட்டு இழைத்து வார்னிஷ் அடித்தால் புதிது போல் ஆகிவிடும்.

கிளாஸ்கோ பெரியவர்:

தம்பி, மேலே சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். பட்டறை நண்பர் உதவும் எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் டிரில் பிரஷ் ஐந்து நிமிடத்தில் முத்திரைகளின் விளிம்பைத் தேய்த்துவிடும். உப்புத்தாள் மரத்தில் இருக்கும் வட்ட முத்திரையை அழித்துவிடும். அந்த முத்திரைகள்தான் இந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ். அவை போனால் மிஞ்சுவது வெறும் இரும்பும் மரமும். இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன். இப்படி வெளுத்து வாங்கப்பட்ட நல்ல துப்பாக்கிகள் பல ஏலங்களுக்கு வருகின்றன, பார்க்கவே மனம் பொறுப்பதில்லை.

எதையும் தொடும் முன் முதல் வேலை: உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. நூறாண்டு கிடங்கில் கிடந்த ஆயுதம் காலியாகத்தான் இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. லீவர் இறங்காததால் பின்னாலிருந்து பார்க்க முடியாது. ஆகவே குழலின் வாய்ப்பக்கமாக, முகத்தைக் குழலுக்கு நேரே கொண்டுபோகாமல், ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். முட்டி நின்றதும் வாய் விளிம்பில் பென்சிலால் குறியிடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அந்தக் குறி வாய் விளிம்பில் இருக்கும்படி குழலை ஒட்டி வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி குழலின் பின் முனைவரை வந்தால் தோட்டா அறை காலி. ஏறக்குறைய 8 செ.மீ. முன்னதாகவே நின்றால் உள்ளே தோட்டா இருக்கலாம். அப்படியானால் கையை எடுத்துவிடுங்கள். பதிவு பெற்ற துப்பாக்கிக் கம்மியரையோ காவல் நிலையத்தையோ தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

இதைச் செய்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

பர்மிங்காம் தங்கை:

பெரியவர் சொன்ன சோதனை முடியும்வரை நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் அசலா போலியா என்ற கேள்வியைப் பார்ப்போம்.

நாகரி எழுத்து உங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்க வேண்டும். காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைதான் நேபாளப் படையின் ஆயுதக் கிடங்காக இருந்தது. அங்கே அடுக்கடுக்காகக் கிடந்த பல்லாயிரம் பழைய துப்பாக்கிகளை 2003இல் மேற்கத்திய வணிகர்கள் மொத்தமாக வாங்கி அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் கொண்டுவந்தார்கள். பிரவுன் பெஸ், பிரன்ஸ்விக், ஸ்னைடர், மார்ட்டினி என்று ஒரு நூற்றாண்டின் பிரிட்டிஷ் ஆயுத வரலாறே அதில் இருந்தது. பிரிட்டன் கொடுத்த துப்பாக்கிகளின்மேல் நேபாளப் படை தன் கணக்குக்காக வெட்டிய அடையாளங்கள்தான் பெரும்பாலும் இந்த நாகரி எழுத்துகளும் எண்களும். என்னிடம் உள்ள ஸ்னைடரிலும் இருக்கின்றன. அவற்றைக் கறை என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். இந்த ரைஃபிள் அதைச் செய்த என்ஃபீல்ட் தொழிற்சாலையில் கழித்த காலத்தைவிட நேபாளத்தில் கழித்த காலம்தான் அதிகம்.

வரலாற்று மாணவன்:

ஒரு சந்தேகம். ரோமன் நான்கு என்றால் மார்க் 4, அதாவது நான்காவது ரகம். அது படைக்கு வந்தது 1888 என்று படித்திருக்கிறேன். இதில் 1887 என்று இருக்கிறதே? அப்படியானால் போலிதானே?

பர்மிங்காம் தங்கை:

நல்ல கேள்வி. புதியவர்கள் அசலான துப்பாக்கியைச் சந்தேகப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1880களின் நடுவில் பிரிட்டன் 0.402 அங்குலக் குறுவிட்டத்தில் என்ஃபீல்ட்-மார்ட்டினி என்ற புதிய ரைஃபிளைச் செய்யத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் செய்த பிறகு அத்திட்டம் கைவிடப்பட்டது. அதைவிடச் சிறிய குறுவிட்டத்தில் பல தோட்டாக்கள் நிரப்பும் துப்பாக்கி வந்துகொண்டிருந்தது. 1888இல் லீ-மெட்ஃபோர்டாக வெளிவந்தது அதுதான். ஒரே நேரத்தில் மூன்று வகைத் தோட்டாக்களைப் படைக்கு அனுப்பி எந்த அரசாங்கம் சமாளிக்கும்? ஆகவே செய்து வைத்திருந்தவற்றைப் பழைய 577/450 தோட்டாவுக்கே மாற்றி மார்க் 4 என்று பெயரிட்டார்கள். அதனால் 1886, 1887 என்ற ஆண்டுகள் இந்த ரகத்தில் சகஜம்.

லெஸ்டர் அண்ணா, உங்கள் லீவர் முந்தைய ரகங்களைவிட நீளமாக இருக்கும், பாருங்கள். அதற்கும் காரணம் உண்டு. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த பழைய தோட்டா சூட்டில் அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். சூடான் போரில் வீரர்கள் இதனால் மிகவும் துன்பப்பட்டார்கள். லீவர் நீண்டால் இழுக்கும் விசை கூடும்.

வரலாற்று மாணவன்:

விளக்கத்துக்கு நன்றி அக்கா. அப்படியானால் இது தென்னாப்பிரிக்க ஜூலுப் போரில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் இருந்திருக்க வாய்ப்பில்லை?

பர்மிங்காம் தங்கை:

இல்லை. அந்தச் சண்டை 1879 ஜனவரியில். அங்கே இருந்தவை முந்தைய ரகங்கள். "ஜூலுப் போரில் பயன்பட்டது" என்று சொல்லி மார்க் 4ஐ விற்க வந்தால் நம்பாதீர்கள்.

போலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைபர் கணவாய்ப் பகுதிக் கொல்லர்கள் மார்ட்டினியைப் பார்த்துக் கையாலேயே செய்த பிரதிகள் ஏராளம். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் போன படைவீரர்கள் நினைவுப்பொருளாக அவற்றை வாங்கிவந்தார்கள். ஆங்கிலம் அறியாத கை வெட்டிய முத்திரையில் எழுத்து ஏறி இறங்கி நிற்கும், என் (N) என்ற ஆங்கில எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கும், சொல்லில் எழுத்துப் பிழை இருக்கும். வி.ஆர். என்பது விக்டோரியா ராணியின் முத்திரை. அவர் 1901 ஜனவரியில் இறந்துவிட்டார், ஆகவே அதன் கீழ் 1905 என்றோ 1919 என்றோ இருந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. உங்கள் முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. நேபாளமே செய்துகொண்ட கஹேந்திரா. பிரதமர் பீர் சம்ஷேரின் மகன் கஹேந்திர சம்ஷேரின் பெயர் அதற்கு. வெளித்தோற்றம் மார்ட்டினி போலவே இருந்தாலும் உள்ளே சுருள் வில்லுக்குப் பதிலாகத் தட்டை வில். ஒவ்வொன்றும் கைவேலை என்பதால் ஒன்றின் திருகு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதில் வி.ஆர். முத்திரை இராது என்பதால் உங்களுடையது அதுவல்ல.

சென்னை வாசகர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இப்படி ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவர முடியுமா? எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களைப் பார்த்ததிலிருந்து ஆசை.

கிளாஸ்கோ பெரியவர்:

பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கு மட்டுமே. நல்ல நிலையில் உள்ள மார்ட்டினி அதில் வராது. உள்ளூரில் வழக்கறிஞரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவுப்படி, பழம்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழங்காலத் துப்பாக்கிக்குச் சான்றிதழ் தேவையில்லை. 2021 மார்ச்சில் வந்த விதிகள் ஏழு தோட்டா வகைகளை, இந்த விலக்குக்கு உரிய வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலிலிருந்து நீக்கின, ஆனால் அவை கைத்துப்பாக்கித் தோட்டாக்கள். 577/450 இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. தோட்டா வாங்கி வைத்தாலோ, சுடும் எண்ணம் வந்தாலோ அந்த விலக்கு போய்விடும். முதலில் சான்றிதழ் வாங்க வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு.

லெஸ்டர்வாசி:

அனைவருக்கும் நன்றி. குச்சியின் நுனி பின் முனைவரை வந்தது, அறை காலி. படமும் போட்டிருக்கிறேன். லீவர் மட்டும் அப்படியே இருக்கிறது. கிரீஸை இளக்க ஹேர் டிரையர் பயன்படுத்தலாமா?

கிளாஸ்கோ பெரியவர்:

பயன்படுத்தலாம், ஆனால் உலர்ந்த நிலையில் மட்டும். மண்ணெண்ணெயோ ஒயிட் ஸ்பிரிட்டோ பட்டிருக்கும்போது ஹேர் டிரையரை அருகில் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடிக்கும். நான் செய்வது இதுதான். முதல் நாள் மிதமான சூடு காட்டி, இளகும் கிரீஸை மூங்கில் சீவலாலும் துணியாலும் எடுத்துவிடுவேன். அது முழுதும் ஆறிய பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து, லீவரின் அச்சிலும், தோட்டா அறையைப் பின்னால் மூடும் பிளாக்கின் ஓரங்களிலும் மண்ணெண்ணெய்யைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு ஊறவிடுவேன். மறுநாள் கை விசையால் மட்டும் லீவரை மேலும் கீழும் அசைப்பேன். ஒரு நூலளவு நகர்ந்தால் போதும், மீண்டும் மண்ணெண்ணெய், மீண்டும் பொறுமை. பொதுவாக இதைப் பிடித்துவைத்திருப்பது துரு அல்ல, காய்ந்த கிரீஸ்தான்.

திருகுகளை இப்போதே கழற்ற வேண்டாம். பிளாக்குக்குள் வலுவான சுருள் வில் இருக்கிறது. கழற்றும் நாள் வந்தால், திருகின் காடிக்குள் இறுகப் பொருந்தும் முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். வீட்டில் கிடக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் காடியைச் சிதைத்துவிடும். சிதைந்த திருகைப் பார்த்ததும் ஏலத்தில் விலை இறங்கும்.

இரும்பில் செந்நிறமாக உதிரும் துருவை மட்டும் எண்ணெய் நனைத்த வெண்கலப் பஞ்சால் மெல்லத் தேய்த்து எடுங்கள். உறுதியாகப் படிந்த பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். வினிகரோ அமிலமோ வேண்டாம்.

மரவேலைக்காரன்:

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அது வால்நட் மரம். நூறாண்டு கிரீஸைக் குடித்துக் கருத்திருக்கும். துணியில் சிறிது ஒயிட் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், ஊறவைக்காதீர்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். அடிக்கட்டையின் வலப்பக்கத்தில் வட்ட முத்திரை தென்படலாம். அதன்மேல் துணியை அழுத்தாதீர்கள். உலர்ந்ததும் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் இரண்டு மூன்று துளி விட்டுச் சூடு வரும்வரை தேய்த்துப் பூசுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துப்போட்டு முழுதும் காயவிட்டு, அதன்பிறகு எறியுங்கள்.

பர்மிங்காம் தங்கை:

படத்தைப் பார்த்தேன். எழுத்துகள் சமமாக, ஆழமாக, ஒரே அச்சில் விழுந்திருக்கின்றன. எனக்குச் சந்தேகமே இல்லை, அசல். எதிரெதிரே நுனி தொடும் இரண்டு அம்புக்குறிகள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிரிட்டிஷ் அரசின் உடைமையிலிருந்து நீக்கப்பட்டதற்கான அடையாளம் அது. நாகரி எண்ணைப் பொருத்தவரை 417 என்று படிக்கிறேன். முன்னால் உள்ள எழுத்துகள் கிரீஸில் மறைந்திருக்கின்றன. சுத்தம் செய்ததும் மறுபடி படமெடுங்கள்.

லெஸ்டர்வாசி:

லீவர் விடுபட்டுவிட்டது! பெரியவர் சொன்னபடி முதலில் நூலளவுதான் நகர்ந்தது, சில இரவுகள் ஊறிய பிறகு முழுதும் இறங்கியது. பிளாக் கீழே போகிறது, அறை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறது. வலப்பக்கத்துக் கண்ணீர்த்துளி வடிவ முள்ளும் லீவரோடு சேர்ந்து திரும்புகிறது. அம்புக்குறி இரண்டும் குழலின்மேல் கிடைத்தன. மர முத்திரை பாதிதான் தெரிகிறது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி. வரவேற்பறையில் ரேடியேட்டருக்கு மேலே உள்ள சுவரில் மாட்டலாமா?

கிளாஸ்கோ பெரியவர்:

மகிழ்ச்சி தம்பி. அந்த முள் வில் ஏறியிருக்கிறதா என்று காட்டுவது. அது திரும்பினால் உள்ளே பாகங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள்.

ரேடியேட்டருக்கு மேலே வேண்டாம். குளிர்காலம் முழுதும் சூடு பட்டு மரம் வெடிக்கும். வெளிச்சுவரும் வேண்டாம், ஈரம் இறங்கும். உள்சுவர் ஒன்றில், ஜன்னலுக்கு வெளியிலிருந்து தெரியாத இடத்தில் மாட்டுங்கள். இரும்புக்கு ரினைசான்ஸ் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு போதும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அருங்காட்சியகப் பொருள்களுக்காக உருவாக்கப்பட்டது அது, கடைகளில் கிடைக்கும். வெறும் கையால் தொட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள், வியர்வை உப்பு துருவை அழைத்துவரும். வில்லை ஏற்றிய நிலையில் விட்டுவைக்க வேண்டாம்.

ஏல ரசீதையும் முத்திரைப் படங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீடு மாறும்போதோ கண்காட்சிக்கு எடுத்துப்போகும்போதோ உறையில் மூடி எடுத்துச் செல்லுங்கள். காவலர் கேட்டால் அந்தக் கோப்பைக் காட்டலாம்.

பர்மிங்காம் தங்கை:

நாகரி எழுத்துகளின் புதிய படத்தை மறக்காமல் போடுங்கள் அண்ணா. என் ஸ்னைடரில் இருப்பதும் அதே படைப்பிரிவா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆவலாக இருக்கிறது.