நியாசின் (கொலஸ்ட்ராலுக்காக எடுக்கும் வைட்டமின் பி3) எடுத்தவர்களிடம் பார்த்தது: பகிருங்கள்

மருந்துக்கடை:
ஒருவர் முகம், காது, கழுத்தெல்லாம் செக்கச்செவேலென்று கடைக்கு ஓடி வந்தார். "உடம்பு பத்தி எரியுது சார், அலர்ஜி மாத்திரை குடுங்க!" ஆன்லைனில் வாங்கிய சாதாரண (உடனே கரையும்) நியாசின் 500 மி.கி., முதல் நாளே, வெறும் வயிற்றில். இது அலர்ஜியே இல்லை. தோலில் புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற ரசாயனம் சுரந்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன; அலர்ஜி மாத்திரைக்கு அங்கே பெரிதாக வேலை கிடையாது. ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. 100 மி.கி.யில், சாப்பாட்டோடு தொடங்கியிருந்தால் இவ்வளவு அவதி இருக்காது. சூடான காபியும் மதுவும் எரிச்சலைக் கூட்டும். அரை மணி முன்னால் ஆஸ்பிரின் 325 மி.கி. போட்டால் குறையும். அல்சர் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அது ஆகாது.

லேப் டெக்னீஷியன்:
சிவப்பைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? சிவக்காத மாத்திரைதான் ஆபத்து. சாதாரண நியாசின் 2 கிராம் எடுத்தவர், எரிச்சல் தாங்காமல் அதே 2 கிராமை மெதுவாகக் கரையும் வகையில் வாங்கிப் போட்டார். எரிச்சல் நின்றது. சில வாரத்தில் குமட்டல், சாப்பாடே இறங்கவில்லை. எஸ்ஜிபிடி (கல்லீரல் என்சைம்) பல மடங்கு. ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கிடுகிடுவென இறங்கியிருந்ததைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். கல்லீரல் கெடும்போதும் கொலஸ்ட்ரால் அப்படித்தான் சரியும். வகை மாறினால் பழைய அளவைத் தொடரவே கூடாது. 'நோ ஃப்ளஷ்' (சிவக்காது) என்று விற்கும் இனோசிட்டால் நிக்கோட்டினேட்டும், நிக்கோட்டினமைடும் கொலஸ்ட்ராலுக்குப் பயன்படாது.

இதயப்பிரிவு:
மேலே இருவரும் எப்படி எடுப்பது என்றே பேசுகிறீர்கள். எடுக்கவே வேண்டுமா? ஸ்டாட்டினோடு (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வழக்கமான மருந்து) நியாசின் சேர்த்த ஒருவருக்கு எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34லிருந்து 42 ஆனது. கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது, கால் பெருவிரலில் கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) வந்து செருப்புப் போட முடியவில்லை. எச்டிஎல் ஏறியதற்காக அதை நிறுத்த மனமில்லை அவருக்கு!

ஸ்டாட்டினோடு நியாசினைச் சேர்த்துப் பார்த்த எய்ம்-ஹை ஆய்வு 2011இல் பாதியில் நின்றது. 25,673 பேரை வைத்து நடந்த அதே மாதிரியான எச்பிஎஸ்2-த்ரைவ் ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. ஸ்டாட்டினுக்கு மேல் நியாசின் சேர்த்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. சர்க்கரை நோய், தொற்று, ரத்தக்கசிவு கூடின. ஸ்டாட்டின் வருவதற்கு முன் நடந்த கரோனரி டிரக் பிராஜெக்ட் என்ற ஆய்வில் நியாசினால் மறு மாரடைப்பு குறைந்தது உண்மை. அன்று அதைவிட நல்ல மருந்து இல்லை. இன்று ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் எசெட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் என்ற கொலஸ்ட்ரால் மருந்துகள் இருக்கின்றன.

டாக்டர் எழுதியே கொடுத்திருந்தால், தொடங்குமுன் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் கல்லீரல் என்சைம்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), யூரிக் அமிலம் பாருங்கள். அளவு கூட்டும்போதெல்லாம் மறுபடி பாருங்கள். கல்லீரல் என்சைம் இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கு தாண்டினால் நிறுத்த வேண்டும்.

பி3:
நியாசினால் லைப்போபுரோட்டீன் (ஏ) (மாரடைப்போடு தொடர்புள்ள ரத்தக் கொழுப்புத் துகள்) கால்வாசி வரை குறையுமே?

இதயப்பிரிவு:
குறையும். அதனால் மாரடைப்பு குறைந்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. நியாசினை இடையில் நாள்கணக்கில் விட்டுவிட்டால் பழைய அளவில் தொடராதீர்கள். குறைந்த அளவிலிருந்தே ஏற வேண்டும்.