ஏஏசி பிளாக் வீடு, ராத்திரி 10 மணிக்கும் ரூம் 36 டிகிரி, தப்பு எங்க இருக்கு?

விருதுநகர்_வீடு:
புது வீடு குடி போயி ஒன்பது மாசம் ஆச்சு. அம்மா ஏசி இல்லாம நிம்மதியா தூங்கணும்னுதான் செங்கலை விட்டுட்டு 8 இஞ்ச் ஏஏசி பிளாக் (உள்ள காத்துக் குமிழி இருக்குற லேசான சிமெண்ட் கல்லு, சூட்டை சுலபமா கடத்தாது) வச்சோம், எல்லா ஜன்னலுக்கும் 2 அடி சன்ஷேடு. இப்ப சித்திரையில இஎஸ்பி32ங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டுல டிஎச்டி22 வெப்பநிலை சென்சார் மாட்டி 5 நிமிஷத்துக்கு ஒருக்கா பதிவு பண்றேன், ராத்திரி 10 மணிக்கு வெளிய 31, பெட்ரூம்ல 36. சுவத்துல கை வச்சா சூடே இல்ல. பாவம் அம்மா தலகாணிய தூக்கிட்டு வராண்டாவுக்கு போயிடுறாங்க. பிளாக் மட்டமா, சென்சார் தப்பா காட்டுதா?

மதுரை_சிவில்:
தம்பி, சென்சார் எங்க மாட்டிருக்கீங்க? மொட்டை மாடியில என்ன போட்டிருக்கீங்க?

விருதுநகர்_வீடு:
லாஃப்ட் மேல வச்சிருக்கேன் சார். மாடியில வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் மட்டும்தான், சாம்பல் கலர், டைல்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்.

மதுரை_சிவில்:
முதல்ல சென்சாரை உள் சுவத்துல 4 அடி உயரத்துக்கு இறக்குங்க, சூடு மேலதான் தங்கும். அந்த சென்சார்ல எப்படியும் அரை டிகிரி முன்னபின்ன வரும், 5 டிகிரி வராது. என் சந்தேகம் தளத்து மேல. யூ வேல்யூன்னா சூடு எவ்வளவு சுலபமா கடந்து வருதுங்கிற அளவு, கம்மியா இருந்தா நல்லது. வெறும் 5 இஞ்ச் கான்கிரீட்டுக்கு அது 3-க்கு மேல, வீடுகளுக்கான மத்திய அரசு எரிசக்தி விதி எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு 1.2-க்குள்ளன்னு சொல்லுது. பகல் பூரா குடிச்ச வெயில தளம் சாயங்காலத்துக்கு மேலதான் கீழ விடும், ஏஏசி சுவர் அந்த சூட்டை வெளிய போகவும் விடாது. தொடாமலே சூட்டை அளக்குற இன்ஃப்ராரெட் கன் இரவல் வாங்கி சீலிங்கை மணிக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்க.

திருச்சி_அக்கா:
செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு ரூமுக்கு மேல மட்டும் செங்கல் அடுக்கி, அரை அடி இடைவெளி விட்டு தென்னங்கீத்து போட்டுப் பாருங்க தம்பி, பக்கத்து ரூமை அப்படியே விடுங்க. ரெண்டு ரூம் ஜன்னலும் ஒரே மாதிரி தொறந்திருக்கணும், இல்லன்னா கணக்கு குழம்பிடும்.

விருதுநகர்_வீடு:
ஆறு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சென்சாரை இறக்கினதும் 1 டிகிரி குறைஞ்சு 35 ஆச்சு. சீலிங் ராத்திரி 9 மணிக்கு கீத்து இல்லாத ரூம்ல 41, கீத்து போட்ட ரூம்ல 36! நாலு நாளும் கிட்டத்தட்ட இதேதான். பிளாக் மேல வீணா பழி போட்டுட்டேன். அம்மா நேத்து அந்த ரூம்லயே படுத்தாங்க, காலைல எழுப்பத்தான் வேண்டியிருந்துச்சு.

மதுரை_சிவில்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. நிரந்தரமா பண்ணணும்னா கோட்டிங்ல ஓட்டை இருக்கான்னு தண்ணி கட்டி பாத்துட்டு, அதுக்கு மேல 50 எம்எம் எக்ஸ்பிஎஸ் போர்டு (சூட்டைத் தடுக்குற கெட்டியான ஃபோம் பலகை), அதுக்கு மேல வாட்டம் வச்சு கலவை, கடைசியா வெள்ளை டைல்ஸ். யூ வேல்யூ 0.5 பக்கத்துல வந்துரும். மொத்தமா 4 இஞ்ச் தரை ஏறும், ஹெட்ரூம் (மாடிப்படி ஏறி வெளிய வர்ற சின்ன ரூம்) வாசப்படி அதுக்கு மேல நிக்குதா?

விருதுநகர்_வீடு:
இப்பதான் டேப் வச்சு அளந்தேன் சார், 3 இஞ்ச்தான் இருக்கு.

மதுரை_சிவில்:
அப்ப படிய 3 இஞ்ச் ஏத்தி கட்டிட்டு வேலைய ஆரம்பிங்க, கதவையும் அதுக்கேத்த மாதிரி அடில அறுக்கணும். மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க, அதுவரைக்கும் கீத்து கிடக்கட்டும். சென்சாரை மட்டும் கழட்டிடாதீங்க, அடுத்த சித்திரைக்கு இதே 10 மணி ரீடிங் வேணும்.