பதினான்கு குஞ்சுகளுக்கு 100 டோஸ் குப்பி: மீதமாகும் மருந்தை வைத்திருந்து போடலாமா?

கேள்வி

வணக்கம். வீட்டுப் புழக்கடையில் கோழி வளர்க்கிறேன். இரண்டு பெட்டைகள் அடைகாத்துப் பொரித்த பதினான்கு குஞ்சுகள் இப்போது இருக்கின்றன. ஏழாம் நாளில் வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா மருந்தைக் கண்ணில் சொட்டலாம் என்றிருக்கிறேன். கிடைப்பதிலேயே சிறிய குப்பி 100 டோஸ் கொண்டது. மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, நான்காம் வாரத்தில் அடுத்த தவணைக்குப் பயன்படுத்தலாமா? குடிநீரில் கலந்து கொடுத்தால் வேலை எளிது என்கிறார்களே, அதில் அதே பலன் கிடைக்குமா? தாயோடு திரியும் குஞ்சுகளுக்கு வேறு எந்தத் தடுப்பூசி தேவை?

மறுமொழி 1

மீதியை வைத்திருக்கவே கூடாது. குப்பியின் அடியில் வில்லைபோல் உறைந்திருப்பது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். திரவம் சேர்த்த கணத்திலிருந்து அது அழியத் தொடங்கிவிடும் என்பதால், ஐஸ் மேல் வைத்திருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பலனிழந்த மருந்தும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நோய் வந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காலாவதி நாள் வரை வைத்திருக்கலாம். எனவே அடுத்த தவணைக்குப் புதிய குப்பியே வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரே காலையில் எல்லோருடைய கோழிகளுக்கும் போட்டுவிட்டால் மருந்தும் வீணாகாது, சுற்றுவட்டாரத்தில் நோய் பரவும் வழியும் குறையும். சிறு வளர்ப்பாளர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சொட்டும் முறையில் அவசரம் வேண்டாம். குஞ்சை உள்ளங்கையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு கண் மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, சொட்டுக்குழாய் கண்ணைத் தொடாமல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு கண்ணில் பரவி, குஞ்சு இமைத்து, ஈரம் உள்ளே இழுக்கப்படும் வரை கையிலேயே வைத்திருங்கள். உடனே இறக்கிவிட்டால் குஞ்சு தலையை உதறும், மருந்து வெளியே போய்விடும். போட்ட குஞ்சுகளை வேறு கூடைக்கு மாற்றிக்கொண்டே வந்தால் ஒன்றும் விடுபடாது.

மறுமொழி 2

குடிநீர் முறை ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள பண்ணைக்கு ஏற்றது. பதினான்கு குஞ்சுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று நிறையக் குடிக்கும், ஒன்று நனைத்துவிட்டுப் போகும். எது எவ்வளவு பெற்றது என்று அறிய வழியில்லை. குழாய் நீரில் உள்ள குளோரின் வைரஸைக் கொன்றுவிடும் என்பதால் குளோரின் இல்லாத நீர் வேண்டும், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியை முதலில் கலக்க வேண்டும்; ஒன்றிரண்டு மணி நேரம் குஞ்சுகளைத் தாகத்தில் வைத்துவிட்டுத்தான் மருந்து நீரை வைக்க வேண்டும். கண்ணில் சொட்டும்போது, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டர் சுரப்பி தூண்டப்பட்டு, நோய் நுழையும் மூச்சுப்பாதையிலேயே எதிர்ப்பு உருவாகிறது.

இரண்டாம் தவணையைத் தவிர்த்துவிடாதீர்கள். தாய்க்கோழிக்குத் தடுப்பு மருந்து போட்டிருந்தால், முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்த எதிர்ப்பொருள் முதல் தவணை மருந்தின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு குஞ்சு மட்டும் இறக்கையைத் தொங்கவிட்டுச் சோர்ந்திருக்கிறது. அதற்கும் சேர்த்தே போடலாமா?

மறுமொழி 3

வேண்டாம். நலமாக உள்ளவற்றுக்கு மட்டும் போடுங்கள். சோர்ந்ததைத் தனியே வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். தேறிய பிறகு அதற்குப் போடலாம். மற்றவற்றுக்கு மருந்து போட்ட சில நாட்களில் லேசான தும்மல் வரக்கூடும். அது தானாகவே நின்றுவிடும். ஆனால் எதிர்ப்பு உருவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை வெளியிலிருந்து புதிய கோழி எதையும் சேர்க்காதீர்கள். தாய்க்கோழிகளுக்கும் தவணை தவறியிருந்தால் அன்றைக்கே போட்டுவிடலாம்.

வேறு தடுப்பூசிகளைப் பொறுத்தவரை, மேரெக்ஸ் நோய்க்கானதை (கால் முடக்கமும் கட்டிகளும் உண்டாக்கும் வைரஸ் நோய் இது) பொரித்த முதல் நாளிலேயே கழுத்துத் தோலுக்கடியில் ஊசியாகப் போட வேண்டும். பொரித்தது முதல் பெரிய கோழிகளோடு திரியும் குஞ்சுக்கு ஏழாம் நாளில் அதைப் போடுவதால் பெரிய பயன் இருக்காது. கொசுக்கள் மிகுந்த இடமானால் அம்மைத் தடுப்பூசி மிகவும் தேவை. ஆறு வார வயதுக்கு மேல், இரட்டை முனை ஊசியை மருந்தில் தோய்த்து, இரத்தக் குழாயில் படாமல் இறக்கைச் சவ்வில் குத்த வேண்டும். 7 முதல் 10 நாட்களில் குத்திய இடத்தில் சிறு வீக்கமோ பொருக்கோ தெரிந்தால் மருந்து பிடித்திருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் மீண்டும் போட வேண்டும்.

லசோட்டா மருந்து உங்கள் கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும். கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் மீதமான மருந்தையும் குப்பியையும் சொட்டுக்குழாயையும் கொதிக்கும் நீரில் போட்டு வைரஸை அழித்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.