மண் லோடு கணக்கை மொபைலிலேயே வைக்க வழி உண்டா?

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டுகிறோம். மிஞ்சும் மண் டிப்பரில் சித்தூர் அருகே இன்னொரு சைட்டுக்குப் போகிறது. மண் கொண்டுபோக கேரள கனிமத் துறையின் கோம்பாஸ் இணையதளத்தில் எடுத்த அனுமதி பாஸ் வண்டியில் இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை. தகராறு எல்லாம் நடைகளை எழுதிவைக்கும் துண்டுச் சீட்டில்தான். இங்கே ஏற்றிய நடையும் அங்கே இறக்கிய நடையும் சாயங்காலம் ஒத்துவருவதே இல்லை. வழியில் யார் வீட்டு முற்றம் மேடானதோ!

போதாக்குறைக்கு, வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு வரைகூட உப்பிவிடும். ஒருவர் குழியை அளந்து கணக்குச் சொல்வார், இன்னொருவர் டிப்பரை அளந்து.

ஏற்றும்போது வண்டி எண், நேரம், படம் பதிவாக வேண்டும். இறக்கும் இடத்தில் கியூஆர் ஸ்கேன் செய்தால்தான் அந்த நடை முடிந்ததாகக் காட்ட வேண்டும். ஜிபிஎஸ் வண்டி நின்ற இடத்தைச் சொல்லும், மண்ணைக் கொட்டினார்களா என்று சொல்லாது. சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். ஓட்டுநர்களில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு; திரையில் எழுத்து குறைவாக இருந்தால் நல்லது.

சின்ன ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படியாகும் ஆப் யாராவது பயன்படுத்துகிறீர்களா? கூகுள் ஃபார்மும் ஷீட்டும் வைத்தே சமாளிப்பவர்கள் இருந்தால், எப்படி அமைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.