நூலைக் கொளுத்திக் காட்டிய கடைக்காரர்: துணி வாங்கப் போன உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கத்தரிக்கோல்காரி, மஞ்சக்குப்பம்

போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. அக்கா பேத்திக்கு முதல் பிறந்த நாள். கவுன் தைக்கலாம் என்று ஆன்லைனில் ‘ப்யூர் காட்டன்’ போட்டிருந்த துணி 2 மீட்டர் வரவழைத்தேன். வெளிர் மஞ்சளில் சின்னச் சின்ன செர்ரிப் பழம். அதற்கு லைனிங் எடுக்க கடலூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பெரியவர். துணியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார். “கொழந்தைக்காம்மா?” ஆமாம் என்றேன். ஒரு நூலை உருவி, சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கில் காட்டினார். பொசுங்கிச் சுருண்டு கருப்பாக ஒரு சொட்டு ஆனது. ஆறினதும் அதை என் உள்ளங்கையில் வைத்து, “நசுக்கிப் பாருங்க” என்றார். கடுகு மாதிரி கெட்டி, நசுங்கவே இல்லை. அப்புறம் தன் கடையில் இருந்த ஒரு தானிலிருந்து, அதாவது முழுத் துணிச் சுருளிலிருந்து, ஒரு நூல் எடுத்துக் கொளுத்தினார். காகிதம் எரிகிற வாசனை, ஊதினால் பறக்கிற சாம்பல். அவருடையது பருத்தி, நான் வாங்கியது செயற்கை நூல் என்று புரிந்தது.

அவ்வளவுதான். ‘எங்ககிட்டயே வாங்கியிருக்கலாமே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை உடம்பில் படாமல் இருக்க மல்மல் என்கிற மெல்லிய பருத்தி லைனிங் வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன். ஆறு வருஷத்தில் ஊசியும் பாபினும் தவிர அங்கே எதுவும் வாங்கியதில்லை.

நீலத்தாவணி, புதுச்சேரி

உங்களுக்கு நல்ல மனுஷர் வாய்த்தார். எனக்கு அப்படி இல்லை. நேரு வீதிப் பக்கம் ஒரு கடை, பேர் வேண்டாம். ரயான் இரண்டரை மீட்டர் கேட்டேன். பையன் மீட்டர் கம்பியில் வைத்து ஒவ்வொரு தடவையும் துணியைச் சுண்டிச் சுண்டி இழுத்து அளந்தான். அந்தக் கை இழுத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து மேஜையில் போட்டு அளந்தால் 2 மீட்டர் 38. குர்தாவுக்குக் கை அரைக்கையாகத்தான் வந்தது. நம்ம ஊர்க் கடைக்குக் கைகொடுக்கலாம், சரி. கடையும் நமக்கு அளவு கொடுக்க வேண்டாமா?

இன்னொன்று. நூலைக் கொளுத்துகிற சோதனையை ரொம்ப நம்பாதீர்கள். ரயானும் பருத்தி மாதிரியே எரிந்து சாம்பலாகும்.

30 வருஷ மெஷின், நெல்லிக்குப்பம்

நீலத்தாவணி சகோதரி சொன்னது சரி, ரயானைக் கொளுத்திக் கண்டுபிடிக்க முடியாது. நூலை நாக்கில் நனைத்து இழுத்துப் பாருங்கள், ரயான் ஈரத்தில் சட்டென்று அறுந்துவிடும், பருத்தி தாங்கும். ஆனால் அளவு விஷயத்தில் பையனை மட்டும் குறை சொல்லாதீர்கள். ‘இழுக்காம போட்டு அளங்க தம்பி’ என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் மட்டும் என்ன, தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை நனைக்காமல் வெட்டி, இரண்டாவது துவைப்பில் கொக்கி மாட்டவே முடியாமல் போய், காசைத் திருப்பிக் கொடுத்தவன்தான்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். முதலில் பன்னா, அதாவது துணியின் அகலம், கேளுங்கள். 36 அங்குலமா, 44-ஆ, 58-ஆ என்று தெரியாமல் ‘ரெண்டு மீட்டர் போதும்’ என்று வாங்கினால் பிறகு ஒட்டுப் போட வேண்டியதுதான். துணியைக் கசக்கிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கஞ்சி போட்டுக் கனமாக்கியிருக்கிறார்கள், ஒரு துவைப்பில் வலை மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டை விரல் நகத்தால் லேசாகக் கீறுங்கள், நூல் விலகி அப்படியே நின்றால் தையல் பக்கத்தில் பிய்ந்துவிடும். பருத்தி என்றால் ராத்திரி தண்ணீரில் போட்டு, முறுக்காமல் நிழலில் காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். லைனிங்கையும் சேர்த்து நனையுங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள். குறுக்கே ஒரு நூலை உருவி அந்தக் கோட்டில் வெட்டினால் கவுன் ஒரு பக்கம் தொங்காது. அடர்ந்த நிறமாக இருந்தால் உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

ஒட்டுத்துணி, முத்தியால்பேட்டை

உப்பா? அண்ணே, அதை நம்பித்தான் கெட்டேன். சண்டே மார்க்கெட்டில் அரக்குச் சிவப்பு பிட் துணி வாங்கினேன். உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி வைத்து, வெள்ளைக் காடாத் துணியோடு கட்டம் கட்டமாகச் சேர்த்து நாத்தனார் குழந்தைக்கு மெத்தை விரிப்பு தைத்தேன். பதினோரு நாள் வேலை. முதல் துவைப்பில் வெள்ளைக் கட்டம் எல்லாம் ரோஜா நிறம். பக்கெட்டுத் தண்ணீர் ரூஆஃப்சா சர்பத் மாதிரி சிவப்பாக இருந்தது. உப்பு ஒன்றையும் பிடித்து வைக்கவில்லை. இப்போது ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால்தான் காசை எடுக்கிறேன். நல்ல கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

மில் வீட்டுப் பெண், முதலியார்பேட்டை

அண்ணன் சொன்ன நகக் கீறலைப் படித்ததும் எங்க அம்மா ஞாபகம். அப்பாவுக்கு ரோடியர் மில்லில் வேலை. ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) என்றால்தான் இப்போது புரியும், 1898-ல் ஆரம்பித்தது. மில் துணியில் அம்மா தைத்த ஜன்னல் திரை ஒன்று வீட்டில் இருந்தது. தானே புயல் அன்று, 2011 டிசம்பர் 30 விடியற்காலை, ஜன்னல் கதவே பிய்த்துக்கொண்டு போனது. திரை மட்டும் கம்பியில் கிடந்து படார் படாரென்று அடித்துக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் ஒரு தையல் விடவில்லை. மில்தான் அந்தப் புயலில் பலமாக அடிபட்டது. அதற்கப்புறம் தலை தூக்கவே இல்லை, 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். திரையை வெட்டிப் பை தைத்திருக்கிறேன், பெரிய மார்க்கெட்டுக்கு அதில்தான் போகிறேன்.

நம்ம ஊர்க் கடை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். கடையில் அடுக்கியிருக்கிற துணித் தான்கள் எல்லாம் ஈரோடும் சூரத்தும்தானே?

30 வருஷ மெஷின்

எங்கிருந்து வந்தால் என்னம்மா. தொட்டுப் பார்த்து வாங்க ஒரு கடை, தப்பிருந்தால் திருப்பிக் கொடுக்க ஒரு முகம். அது இங்கேதானே இருக்கிறது. உப்பு விஷயத்தில் ஒட்டுத்துணி தங்கச்சி ஜெயித்தார், விட்டுவிடுகிறேன்.

கத்தரிக்கோல்காரி

நேற்று மறுபடி போனேன். பெரியவர் என்னை மறந்திருப்பார் என்று நினைத்தேன். “அந்தச் செர்ரிப் பழம் என்னாச்சு?” என்றார். அதைத் தலையணை உறையாக்கிவிட்டேன் என்றேன், சிரித்தார். கேம்ப்ரிக் பருத்தி 2 மீட்டர், பன்னா கேட்டு வாங்கினேன். ஆன்லைனைவிட 60 ரூபாய் அதிகம்தான். லைனிங்கோடு சேர்த்து ராத்திரியிலிருந்து பக்கெட்டில் கிடக்கிறது. பிறந்த நாள் வியாழக்கிழமை, வெயில் வந்தால் சரி.