வெள்ளத்துக்குப் பிறகு "பணி முடிந்தது" என்று அறிவிப்பு வந்தால்: அளந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

நீர்மட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வெள்ளம் வடிந்த பத்தாம் நாளுக்குள் உள்ளூர் அறிவிப்புகளில் மூன்று வரிகள் தவறாமல் வந்துவிடும். "தூர்வாரும் பணி நிறைவடைந்தது." "சாலைகள் சீரமைக்கப்பட்டன." "தேங்கிய குப்பை முழுவதும் அகற்றப்பட்டது." அடுத்த மழையில் அதே தெருவில் அதே முழங்கால் தண்ணீர். அறிவிப்பே பொய்யா, வேலை அரைகுறையா, இல்லை தப்பான இடத்தில் நடந்ததா என்பது அளந்தால்தான் தெரியும். என் வீட்டில் இன்ன சாமான் போயிற்று என்ற கதை இந்த இழையில் வேண்டாம். எதை அளக்க வேண்டும், எங்கே கோளாறாகும், ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

வடிகாலை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூடி திறக்கும் இடத்தில் நேரான கம்பி ஒன்றை மெல்ல இறக்குங்கள். சேற்றில் பட்டு கம்பி தயங்கும்போது மூடியின் விளிம்பு மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு. பிறகு அழுத்தி, தளத்தில் 'டக்'கென்று தட்டியதும் அதே விளிம்பு மட்டத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வண்டலின் உயரம். இதைத் தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். குனிந்து தலையை உள்ளே விடாதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். சேற்றைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்கித்தான் பலர் விழுகிறார்கள்.

இனி கணக்கு. 60 செ.மீ. அகல வடிகால், 30 செ.மீ. வண்டல், 100 மீட்டர் நீளம். 0.6 × 0.3 × 100 = 18 கன மீட்டர். ஈர வண்டல் ஒரு கன மீட்டர் தோராயமாக 1.6 டன், ஆக ஏறக்குறைய 29 டன். 10 டன் ஏற்றும் லாரிக்கு மூன்று நடை. நடைப் பதிவேட்டில் ஒரே நடை இருந்தால் வண்டல் உள்ளேயே கிடக்கிறது. எட்டு நடை இருந்தால் அது வேறு விவகாரம்.

எல்லா இடத்திலும் பார்க்கும் குறை: மூடியுள்ள இடங்களில் மட்டும் அள்ளிவிட்டு, இரண்டு மூடிகளுக்கு நடுவே உள்ளதை அப்படியே விட்டுவிடுவது. மூடியைத் திறந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். நீளமான மூங்கிலைக் கிடைமட்டமாக உள்ளே தள்ளிப் பாருங்கள், ஒரு கை தூரத்திலேயே முட்டும்.

தேங்கிய நீர்

இதோடு இன்னொன்று. வாருவதைத் தண்ணீர் போய்ச் சேரும் வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலங்கிய சேறு கீழே போய், ஏற்கெனவே அடைபட்ட வாயில் இன்னும் இறுகும்.

என்னைக் கேட்டால் பாதி இடங்களில் குற்றம் வண்டலில் இல்லை. வடிகால் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே இருந்தால், கண்ணாடி போல் துடைத்து வைத்தாலும் ஆறு இறங்கும் வரை தண்ணீர் நகராது. அங்கே ஒருவழிக் கதவு வைத்திருப்பார்கள். அதன் கீலில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் போதும், கதவு பாதி திறந்து நின்று ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் ஏறும். தூர்வாரும் மதிப்பீட்டில் இந்தக் கதவைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மழை ஓடும்போது ஒரு காய்ந்த குச்சியைப் போட்டு, 10 மீட்டர் கடக்க எத்தனை வினாடி என்று எண்ணலாம். மண்ணைத் தன்னோடு இழுத்துச் செல்ல நீருக்கு வினாடிக்கு 0.6 மீட்டராவது வேகம் வேண்டும், அதாவது 17 வினாடிக்குள் கடக்க வேண்டும். நல்ல மழையிலும் அரை நிமிடம் ஆகிறதென்றால் சரிவு போதவில்லை. அந்த வடிகால் ஒவ்வொரு ஆண்டும் தூர்ந்துகொண்டேதான் இருக்கும்.

வாரிய சேற்றைக் கரையிலேயே "காயட்டும்" என்று குவிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழை, மறுபடி உள்ளே.

கொத்துக்கரண்டி

சாலைக் குழி. ஜல்லியையும் தாரையும் கொட்டி வண்டிச் சக்கரத்தால் அமுக்கிவிட்டுப் போவது அடுத்த மழை வரைக்கும்தான். குழியின் ஓரம் உதிர்ந்து சரிவாக இருக்கும். அதன்மேல் போட்ட ஒட்டு விளிம்பில் காகிதம் போல் மெலியும், முதலில் பெயர்வதும் அங்கேதான். செய்ய வேண்டியது: நல்ல தளம் வரும் வரை ஓரத்தைச் செங்குத்தாக, சதுரமாக வெட்டு. அடியில் நிற்கும் தண்ணீரையும் சேற்றையும் எடு. பக்கவாட்டிலும் அடியிலும் தார்ப்பூச்சு. கலவையை 5 செ.மீ. அளவு அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்கு. மேல்மட்டம் சாலையைவிட ஒரு விரல் நுனி உயர்ந்து நிற்கலாம், போக்குவரத்து அமுக்கிவிடும்.

குழி அதே இடத்தில் மூன்றாம் முறை விழுந்தால் மேல்பூச்சைத் திட்டிப் பயனில்லை. கீழே ஒரு குழாய் கசிகிறது, அல்லது பள்ளம் தோண்டி மூடியபோது மண்ணை ஒரே தடவையில் தள்ளிவிட்டார்கள். 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இடித்திருந்தால் இறங்காது. மூடிய பிறகு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை, மூடும்போது நின்று பார்ப்பது ஒன்றுதான்.

சுவருக்கும் ஒரு வார்த்தை. வெள்ளக் கறை நின்ற கோட்டோடு ஈரம் நிற்பதில்லை. செங்கல் உறிஞ்சி அதற்கு மேலும் ஏற்றும், அதனால் கறைக்கு அரை மீட்டர் மேல் வரை தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று வெற்றொலி வரும் பூச்சை உடைத்து எடுத்துவிடலாம். பெயின்ட் அடிக்க அவசரம் வேண்டாம். செங்கல் சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது பழைய தோராயக் கணக்கு, ஒன்பது அங்குலச் சுவருக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தரையைச் சோதிக்க 45 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் துளி கட்டினாலோ சிமென்ட் நிறம் கறுத்தாலோ இன்னும் காயவில்லை.

மெக்கர்

மேலே சொன்னதெல்லாம் செய்யும் முன் மின்சாரம். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிப்பது), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது) இரண்டையும் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். உள்ளே ட்ரிப் ஆகும், அதாவது தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், இயக்கத்தில் மண் புகுந்திருக்கும். விளக்கு எரியும், விசிறி சுற்றும், பழுது வரும் நாளில் மட்டும் விழாது. மாற்றியே ஆக வேண்டும்.

கம்பிகளின் காப்புறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று சோதிக்க 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. சோதனைக்கு முன் டிவி, எல்.இ.டி. விளக்கு, ரூட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவை எரியும், அல்லது அளவு தப்பாக வரும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் பேட்டரி, கூரை சூரியத் தகடு இரண்டும் உயிரோடு இருக்கும் என்பதைத் தொழில் தெரிந்தவர்களே மறக்கிறார்கள்.

ஊற்றுக்கண்

கிணறு, கீழ்நிலைத் தொட்டி. "கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டது" என்று அறிவிப்பு வரும். எவ்வளவு என்று வராது.

2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர்: 3.14 × 1 × 1 × 3 = 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 471 கிராம் குளோரின். பவுடரில் குளோரின் 30 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1.6 கிலோ. ஒரு கைப்பிடி தூவிவிட்டுப் போவது சடங்கு.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். 12 மணி நேரமாவது இறைக்கக் கூடாது. பிறகு வாடை அடங்கும் வரை இறைத்து வெளியே விட வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவையுங்கள். சேற்றில் உள்ள கரிமப் பொருளே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. பிளீச்சிங் கரைசலோடு கழிவறை கழுவும் அமிலம் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

கொத்துக்கரண்டி

30 சதவீதம் என்பது புதிதாகப் பிரித்த மூட்டைக்கு. நிவாரணக் கிடங்கில் வாய் திறந்து கிடந்த பவுடரில் பாதி கூட இருக்காது. கட்டி கட்டியாக, வாடை மங்கலாக இருந்தால் உங்கள் 1.6 கிலோ கணக்கு செல்லாது.

ஊற்றுக்கண்

ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட பவுடர் என்றால் அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட வேறு மூட்டை கேட்பது மேல்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது கீழ்நிலைத் தொட்டியையோ அடித்தளத்தையோ ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே உள்ள நீர் அடித்தளத் தரையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், அந்தத் தரையை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். உள்ளே எடை இல்லாத தொட்டி மிதந்து எழும், சுவர் உள்வாங்கும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, காலையில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தொடருங்கள். ஏறியிருந்தால் நிறுத்திக் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாம் நடை

குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: ஈரக் குப்பையில் வண்டி நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். மெத்தை, துணி, காகிதம் தண்ணீர் குடித்துப் பல மடங்கு கனக்கும். வழக்கமாக ஒரு நடையில் முடியும் தெருக்களுக்கு மூன்று நடை. வண்டியும் ஆளும் கூடாமல் அட்டவணை மட்டும் பழையபடி இருந்தால் கடைசித் தெருக்கள் தினமும் விடுபடும். அதனால் புகாரில் "வண்டி வரவில்லை" என்பதோடு, வண்டி எந்தத் தெருவில் திரும்பிப் போகிறது என்று எழுதுங்கள். பாதையை மாற்றுபவருக்கு அதுதான் வேண்டும். குப்பைக் கிடங்குக்குப் போன அளவு எடைமேடைச் சீட்டில் இருக்கும்: மொத்த எடை கழித்தல் வெற்று வண்டி எடை. வெற்று எடையும் அன்றன்றே எடுக்கப்பட்டதா, பழைய எண்ணையே போட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

வாசலில் குவிக்கும்போது கலக்காதீர்கள். உடைந்த சுவர், மரச்சாமான், மின்சாதனம், பெயின்ட் - பூச்சிமருந்து - பேட்டரி, அழுகும் குப்பை என்று ஐந்து குவியல். ஒரு பூச்சிமருந்து டப்பா உடைந்து ஊறினால் அந்தக் குவியல் முழுவதும் ஆபத்துக் கழிவாகிவிடும், சாதாரண வண்டி எடுக்காது. குவியல் வடிகால் வாய்மேலோ, மின்கம்பிக்குக் கீழோ, குடிநீர் மீட்டர்மேலோ கூடாது. இயந்திரக் கை அந்த இடங்களில் இறங்காது, விட்டுவிட்டுப் போகும்.

குளிர்பெட்டி: உள்ளே அழுகியதை முதலில் எடுத்துவிட்டு, குழந்தைகள் உள்ளே புகாதபடி கதவைக் கழற்றி வையுங்கள். செம்புக்காகக் குழாயை வெட்டுபவர்களை விடாதீர்கள், வாயு வெளியேறும். நனைந்த லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கும். வண்டிக்குள் குப்பையை நசுக்கும் தகடு அதை அழுத்தினால் நடுத்தெருவில் லாரி எரியும். வெளியே, மணல் நிரப்பிய வாளியில் தனியாக வைத்து, எடுப்பவரிடம் கையில் காட்டிக் கொடுங்கள். வெள்ளத்தைத் தடுத்த மணல்மூட்டையில் சாக்கடை ஊறியிருக்கும், அந்த மணலைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம்.

எறியும் முன் ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு படம்: முழுப் பொருள், வரிசை எண் ஒட்டிய தகடு. காப்பீட்டுக்கோ நிவாரணத்துக்கோ பிறகு தேடினால் கிடைக்காது.

பொருள் எண் 14

உள்ளாட்சி மன்றக் கூட்டம் பற்றி யாரும் எழுதவில்லையே. "மன்றம் முடிவு செய்தது" என்ற செய்தியை அப்படியே நம்பாமல் நடவடிக்கைக் குறிப்பில் உள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். "பதிவு செய்யப்பட்டது" என்றால் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். "கொள்கை அளவில் ஏற்கப்பட்டது" என்றால் நிதி இல்லை. "ஒத்திவைக்கப்பட்டது" என்றால் அடுத்த நிகழ்ச்சி நிரலில் வந்ததா என்று நீங்கள்தான் தேட வேண்டும். எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து எவ்வளவு என்று எழுதி அனுமதித்தால் மட்டுமே அது முடிவு. அதற்குப் பிறகும் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படிகள் உண்டு. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறலாம். பணி ஆணை தேதியைக் கேளுங்கள், மற்ற தேதிகளால் பயனில்லை.

வெள்ள வேலைகளுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. அவசரம் என்று முதலில் செய்துவிட்டுப் பிறகு மன்றத்தில் பின்னேற்பு வாங்குவார்கள். அது முறைகேடு என்று கத்த வேண்டியதில்லை, தண்ணீர் கூட்டத்துக்காகக் காத்திருக்காது. ஆனால் பின்னேற்புக்கு வரும்போது வேலை பூமிக்குள் புதைந்திருக்கும், அளக்க வழி இருக்காது. மேலே கம்பி அளவு எழுதியவரின் முன்-பின் எண்கள் அந்த நாளில்தான் உதவும்.

தகவல் கேட்டு மனு எழுதும்போது "ஏன் சரியாகச் செய்யவில்லை" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கட்டுரை வரும். நகல் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணை நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் இந்தத் தெருவுக்கான பக்கங்கள், வண்டி நடைப் பதிவேடு. பணி ஆணையிலேயே குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இருக்கும். அதற்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், புது மதிப்பீடு போடக் கூடாது. அந்தக் காலம் முடியும் தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதம் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஒரு புகாரில் ஒரு குறை மட்டும். வடிகால், விளக்கு, குப்பை மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால், மூன்றில் எளிதானதை முடித்துவிட்டு மனுவையே மூடிவிடுவார்கள்.

தேங்கிய நீர்

புகாரோடு கொடுக்கும் படத்தில் அளவு காட்ட என்ன வைக்கிறீர்கள்? கையைக் காட்டினால் ஏற்க மாட்டேன் என்கிறார்கள்.

நீர்மட்டம்

அளவுநாடாவையே விரித்து வைத்து எடுங்கள். நாடாவின் தொடக்கத்தில் உள்ள 0 தெரிய வேண்டும், பக்கத்து மின்கம்ப எண்ணும் ஒரே படத்தில் வர வேண்டும். நாடா 30 மீட்டர் ஃபைபரில் வாங்குங்கள். இரும்பு நாடா சேற்றில் ஒரு வாரம் போனால் துருவேறி எண்ணே தெரியாது.