டயல்-அப் நிற்கப் போகிறது, மலிவான நெட் எது? அவசரம்

புதுக்குடித்தனம்: வணக்கம். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நெட் என்றால் அவர் வைத்திருக்கும், போன் லைன் வழியே வரும் பழைய டயல்-அப் மட்டும்தான், சிரிக்காதீர்கள். அதையும் 2025 செப்டம்பர் 30-ஓடு நிறுத்துகிறார்களாம். எனக்கு மெயில், பேங்க் வேலை, வாரம் ஒரு தடவை ஊருக்கு வீடியோ கால், அவ்வளவுதான். குறைந்த செலவில் எதைப் போடலாம்? நாள் நெருங்கிவிட்டது, யாராவது சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி: தம்பி, நெட் கிடக்கட்டும், பேங்க் கணக்கும் விலாசச் சான்றும் கையில் இருக்கிறதா? நான் வந்த புதிதில் சான்று இல்லாமல் கணக்கு கிடையாது என்றான் ஒருத்தன், கணக்கு இல்லாமல் வீடு கிடையாது என்றான் இன்னொருத்தன், டிசம்பர் குளிரில் வைஃபைக்காக ஒரே டீயை ஆறவிட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பேன். 24 மாத ஒப்பந்தம் போடு, அதுதான் மலிவு. ஆமாம், லண்டனில் இன்னும் யார் டயல்-அப் தருகிறார்கள்? பிடி என்ற போன் கம்பெனி 2013-லேயே அதை மூடிவிட்டதே.

ஸ்காபரோ அக்கா: ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீங்கோ தம்பி, மாதாமாதம் கட்டுகிற மாதிரி எடுங்கோ. இங்கே கனடாவில் கனெக்டிங் ஃபாமிலீஸ் திட்டத்தில் மாதம் 20 டொலருக்கு 50 எம்பிபிஎஸ் வேக நெட், வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் உண்டு. நாங்கள் வந்த காலத்தில் பேஸ்மென்ட் நிறையச் சனம், ஒரே போன் லைன். ஒருத்தர் நெட்டில் இருந்தால் யாழ்ப்பாணத்துக் கோல் உள்ளே வராது, அதுக்கே ஒவ்வொரு இரவும் சண்டை.

ஃபைபர் பிரியன்: 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கீழே எதை எடுத்தாலும் வீண்.

ஜெர்சிவாசி: மெயில் பார்க்க ஜிகாபிட்டா? ஒற்றை ஆளுக்கு அண்டாவில் சோறு வடிக்கச் சொல்கிறீர்கள். இந்தக் கம்பெனிகளே இப்படித்தான், முதல் வருஷம் ஒரு விலை, அப்புறம் பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். திருப்பிக் கொடுத்த மோடத்துக்கே என்னிடம் பணம் கேட்டார்கள், ரசீது இருந்ததால் தப்பித்தேன்.

ஃபைபர் பிரியன்: ஊரில் ஜியோ ஃபைபர் 399 ரூபாய், வரி தனி, 30 எம்பிபிஎஸ்!

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி: சம்பளத்தையும் ஊர்க் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளேன்.

ஒஹாயோ மீனா: போதும். அவர் எந்த நாடு என்றே யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 30-ஓடு நிற்பது ஏஓஎல் கம்பெனியின் டயல்-அப், அதனால் அமெரிக்காவாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் தம்பி? வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எப்படி?

புதுக்குடித்தனம்: பென்சில்வேனியா அக்கா, மலைப்பக்கம். கேபிள் இந்தத் தெருவுக்கு வராது என்கிறார் பாட்டி. சிக்னல் சமையலறை ஜன்னலோரம் இரண்டு கோடு, வேறெங்கும் இல்லை.

ஒஹாயோ மீனா: கேபிள் வராது என்று அவர் கேள்விப்பட்டது எந்தக் காலமோ. அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யின் பிராட்பேண்ட் மேப்பில் விலாசத்தைப் போடுங்கள், யார் யார் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வரும். மேப்பிலும் தப்பு உண்டு, கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். விலைக்கு, கம்பெனிகள் பிளானோடு காட்டும் பிராட்பேண்ட் லேபிளைப் பாருங்கள், 2024 முதல் கட்டாயம். மாதக் கட்டணங்கள், தள்ளுபடி முடிந்த பிறகு என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். டயல்-அப் வெறும் 56 கேபிபிஎஸ் (1000 கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்), உங்களுக்கு 10 எம்பிபிஎஸ் தாராளம். 30 டாலர் தள்ளுபடி என்று பழைய பதிவுகளில் வரும் ஏசிபி என்ற அரசுத் திட்டம் 2024-லேயே முடிந்துவிட்டது, அதைத் தேடி அலையாதீர்கள். லைஃப்லைன் என்ற அரசு உதவி இன்னும் இருக்கிறது, மாதம் 9.25 டாலர் வரை குறையும், பாட்டிக்கு மெடிகெய்டோ (அரசு மருத்துவ உதவி) ஸ்னாப்போ (உணவு உதவி) இருந்தால் அவர் பெயரில் கேட்கலாம்.

எதையும் வாங்குமுன் போனை அந்த ஜன்னலில் வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, இரவு எட்டு மணிவாக்கில் ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள், அப்போதுதான் நெரிசல். தாங்கினால் ஹாட்ஸ்பாட் டேட்டா உள்ள போன் பிளானே போதும், இல்லாவிட்டால் செல்போன் சிக்னலில் ஓடும், ஒப்பந்தம் இல்லாத ஹோம் இன்டர்நெட் பெட்டியை அதே ஜன்னலில் வைத்துப் பார்க்கலாம். பாட்டியின் ஏஓஎல் மெயில் நிற்காது. போன் லைனை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அவர் கழுத்தில் உதவிக்கு அழைக்கும் அவசர பட்டன் மாட்டியிருந்தால் அது அந்த லைனை நம்பியிருக்கலாம்.

புதுக்குடித்தனம்: மாட்டியிருக்கிறார் அக்கா! லைனை வெட்டச் சொல்ல நாளைக்குக் கூப்பிடுவதாக இருந்தோம்.

ஒஹாயோ மீனா: அப்போ முதல் கால் பட்டன் கம்பெனிக்கு. எந்த லைனில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, அப்புறம் மேப்பைத் திறவுங்கள்.